ஒரு நாள் பூவுக்கு ஒன்றரை வருஷம்

மூன்றாம் ஆண்டு மாணவி, மின் மற்றும் மின்னணுவியல் துறை

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். மலருக்கு ஒரு மலரைப் பற்றியே எழுதினால் என்ன என்று தோன்றியது. ரோஜாவைப் பற்றி எழுத நம் கல்லூரியில் கவிஞர்களுக்குப் பஞ்சமில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் நோட்டின் பின்பக்கம் முழுக்க ரோஜாதான்! அதனால் நான் எடுத்துக்கொண்டது செம்பருத்தி.

"செம்பருத்தியா? அது வேலியோரம் தானா வளருமே, அதுல எழுத என்ன இருக்கு?" என்று கேட்கும் நண்பர்களே, கொஞ்சம் பொறுங்கள். பள்ளிக்கூடத்தில் செம்பருத்திச் சாற்றை வைத்து நாம் விளையாடியது ஞாபகம் இருக்கிறதா? எலுமிச்சைச் சாறு விட்டால் சிவக்கும், சோப்புத் தண்ணீர் விட்டால் பச்சையாகும். இங்கே கெமிஸ்ட்ரி லேபில் பினாப்தலீன் பாட்டிலைப் பார்த்ததும் பழைய நண்பனை மறந்துவிட்டோம். அவ்வளவுதான்.

செம்பருத்தியின் சொந்தக்காரர்கள் யார் தெரியுமா? பருத்தி, வெண்டை, பூவரசு, துத்தி, புளிச்சகீரை எல்லாம் ஒரே குடும்பம். வெண்டைப் பூவையும் பூவரசம் பூவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அக்கா தங்கை மாதிரி இருக்கும். பெயரிலேயே பருத்தி ஒளிந்திருக்கிறதே, செம் பருத்தி! நம் ஊரில் சிலர் செம்பரத்தை என்பார்கள், இலங்கையில் செவ்வரத்தை. 1753-ல் லின்னேயஸ் அதற்கு வைத்த பெயரின் பொருள் சீன ரோஜா. 1960-ல் மலேசியா இதைத் தன் தேசிய மலராக அறிவித்தது. ஆக, வேலியோரம் நிற்பதால் மட்டும் யாரையும் சாதாரணமாக நினைக்கக் கூடாது!

சரி, ஒரு கேள்வி. வெண்டை விதை பார்த்திருக்கிறோம், பருத்தி விதை பார்த்திருக்கிறோம். செம்பருத்தி விதையை உங்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்?

அம்மாவின் வேலை

ஓசூர் பக்கம் ஒரு நர்சரியில் என் அம்மா 14 வருஷம் வேலை பார்த்தார்கள். அவர்கள் வேலை ஒட்டுக் கட்டுவது. கண்ணைப் பறிக்கும் கலரில், சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் பூக்கும் ஹைப்ரிட் செம்பருத்திகள் பார்ப்பதற்குத்தான் பெரிய ஆள். பலவற்றுக்கு வேரில் தெம்பு கிடையாது. ஆகவே நாட்டுச் சிவப்புச் செம்பருத்தியைக் கீழே வைத்து, அதன் மேல் ஹைப்ரிட் குச்சியைச் சீவிச் சொருகி, பாலிதீன் நாடாவால் சுற்றிக் கட்டுவார்கள். ஒரு நாளைக்கு நூறு, நூற்றைம்பது கட்டு. நாடாவை இழுத்து இழுத்து அம்மாவின் வலது கட்டைவிரல் கொஞ்சம் வளைந்தே போய்விட்டது.

குச்சி வைத்தாலும் சரி, ஒட்டுக் கட்டினாலும் சரி, தாய்ச்செடியில் என்ன பூவோ அதே பூதான் வரும். ஜெராக்ஸ் எடுக்கிற மாதிரி. விதை அப்படி இல்லை. அதில் தாயும் உண்டு, தகப்பனும் உண்டு. ஹைப்ரிட் செம்பருத்தியில் தாத்தா, பாட்டி, கொள்ளுத்தாத்தா எல்லோருமே உண்டு. 1820-களிலேயே மொரீஷியஸ் தீவில் சார்லஸ் டெல்ஃபேர் என்பவர் ஒரு காட்டுச் செம்பருத்தியோடு இதைக் கலந்து பார்த்திருக்கிறார். பிறகு ஹவாய், ஃபிஜி, ஆப்பிரிக்கா என்று பல ஊர் இனங்களும் கலந்தன. குரோமோசோம் எண்ணிக்கைகூட ரகத்துக்கு ரகம் மாறும். நமக்கெல்லாம் 46 என்று நிலையாக இருக்கிறது, இதற்கு அந்த ஒழுங்கெல்லாம் கிடையாது. ஆகவே ஒரே காயில் இருபது விதை இருந்தால் இருபதும் இருபது விதப் பூ. எது எப்படி இருக்கும் என்று பூக்கும் வரை யாருக்கும் தெரியாது.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அம்மாதான். ஒரு நாள் கேட்டேன்: "ஏம்மா, இவ்ளோ ரகம் கட்டுறியே, இதுல உன்னோடது எது?"

"எனக்கேது பாப்பா? எல்லாம் யாரோ விதை போட்டு எடுத்தது. நான் கட்டுறவ."

பெங்களூரு ஹெசரகட்டாவில் 1967-ல் ஆரம்பித்த இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. செம்பருத்தியிலும் அங்கே பல ரகங்களை உருவாக்கியிருக்கிறார்கள். அதெல்லாம் படித்தவர்கள் செய்கிற வேலை, நமக்கு எதற்கு என்பது அம்மாவின் எண்ணம். எனக்கு மட்டும் அந்த "எனக்கேது" மனசில் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது.

பொங்கல் வரைதான் கெடு

2023 தீபாவளி முடிந்த வாரம் நர்சரி ஓனர் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். நிலம் பிளாட் போட விற்றாகிவிட்டது. தாய்ச்செடிகளை இன்னொரு நர்சரிக்காரர் மொத்தமாக வாங்கிவிட்டார். பொங்கல் கழிந்ததும் லாரி வரும். அதற்குள் யாரும் குச்சி வெட்டி எடுத்துப் போகக் கூடாது. வேலை? அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

நான் அப்போது முதலாண்டு. சனி, ஞாயிறுகளில் நர்சரிக்குப் போவேன். மேஸ்திரி அண்ணனிடம் கேட்டேன்: "அண்ணா, குச்சிதானே எடுக்கக் கூடாது? விதை எடுக்கலாமா?"

அவர் சிரித்துவிட்டார். "செம்பருத்தி விதையை யாரும்மா கேக்கப் போறா? எடுத்துக்கோ."

செம்பருத்தியில் தானாகக் காய் பிடிப்பது அபூர்வம். அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத் தண்டுகளே இதழாக மாறிவிடுவதால் மகரந்தமே குறைவு. நாட்டுச் சிவப்பு ஒற்றையும் நம் வீட்டு வாசலில் வருஷக்கணக்காகப் பூத்தும் காய்ப்பதைப் பார்க்க முடியாது. ஹைப்ரிட் ஒற்றைப் பூக்களில்தான், அதுவும் வெயில் தணிந்த மாதங்களில்தான், கையால் சேர்த்துவிட்டால் பிடிக்கும். ஓசூர் குளிர் அதற்குத் தோதானது.

அடுத்த கேள்வி, எதை எதோடு சேர்ப்பது? அழகான இரண்டைச் சேர்த்தால் அழகு வரும் என்று நான் கணக்குப் போட்டேன். அம்மா தலையாட்டவில்லை. "ரெண்டும் நோஞ்சானா இருந்தா பிள்ளையும் நோஞ்சான்தான். ஒண்ணு பூவுக்கு, ஒண்ணு செடிக்கு" என்றார்கள். அப்படியே முடிவானது. தாய், பெரிய மஞ்சள் ஒற்றை. பூ பிரமாதம், செடி சோப்ளாங்கி. தகப்பன், செங்காவி நிறத்தில் நடுத்தரப் பூ. செடி ஆள் உயரம், எந்தப் பூச்சிக்கும் அசராது.

நவம்பர் 18, 19. காலை ஏழு மணிக்கே போய், மஞ்சள் பூவின் நடுத்தண்டில் இருக்கும் மகரந்தப் பைகளை அவை வெடிப்பதற்கு முன்பே சின்னக் கத்தரியால் வெட்டி எடுத்தோம். தண்டின் நுனியில் வெல்வெட் மாதிரி ஐந்து புள்ளி இருக்கும். அவைதான் சூல்முடிகள். ஒன்பது, பத்து மணிக்கு செங்காவிப் பூவின் மகரந்தம் பொலபொலவென்று வெடித்ததும் அந்தப் பூவையே பறித்து ஐந்து புள்ளியிலும் மெதுவாகத் தடவினோம். காம்பில் தேதி எழுதிய சீட்டு. இரண்டு நாளில் 14 பூ.

செம்பருத்திக்கு ஆயுள் ஒரு நாள். மாலையில் எல்லாம் சுருண்டன. பிடிக்காத பூ ஒரு வாரத்துக்குள் காம்போடு விழுந்துவிடும். பிடித்ததில் இதழ் மட்டும் விழும். பச்சைப் புல்லிவட்டம் நிற்கும், உள்ளே காய் உப்பும். அடுத்த சனிக்கிழமை போய் எண்ணினேன். மூன்று!

காய் முற்ற ஆறிலிருந்து எட்டு வாரம். குளிரில் இன்னும் தள்ளிப் போகும். பொங்கலுக்கு இருந்தது சரியாக எட்டு வாரம். அந்த எட்டு வாரமும் எனக்குக் காலண்டர்தான் பாடப்புத்தகம். ஒவ்வொரு காய்க்கும் கொசுவலைத் துண்டில் ஒரு பை கட்டினோம், வெடித்தால் விதை சிதறிவிடும் என்பதற்காக. போகி அன்று முதல் காய் பழுப்பாகி ஐந்தாக வெடித்தது. மாட்டுப் பொங்கல் அன்று இரண்டாவது. மூன்றாவது மட்டும் பச்சை மாறாமல் அப்படியே இருந்தது. 19-ம் தேதி லாரி வந்தேவிட்டது. மேஸ்திரி அண்ணன் ஓனர் காதில் ஏதோ சொல்லி, அந்தக் கிளையை மட்டும் காயோடு வெட்டி அம்மா கையில் கொடுத்தார். வீட்டில் தண்ணீர் டம்ளரில் வைத்தோம். ஒன்பதாம் நாள் அதுவும் வெடித்தது.

9, 14, 6. மொத்தம் 29 விதை. 14 வருஷத்து வேலையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த பணிக்கொடை அதுதான்.

29 பன்னிரண்டான கதை

செம்பருத்தி விதை மிளகை விடச் சின்னது. பழுப்பு நிறம், அவரை விதை வடிவம். ஓடு கெட்டி. அப்படியே போட்டால் மாதக்கணக்கில் தூங்கும். ஒர்க் ஷாப்பில் பைலுக்குப் பிறகு தேய்க்கிறோமே எமரி ஷீட், அதில் விதையின் வளைந்த முதுகை இரண்டு தேய் தேய்த்து, வெள்ளையாக ஒரு பொட்டுத் தெரிந்ததும் நிறுத்த வேண்டும். கூர்மையான பக்கத்தைத் தொடக் கூடாது, முளை அங்கேதான் இருக்கிறது. பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ராத்திரி. மறுநாள் தென்னை நார்க்கழிவும் மணலும் கலந்த குழித்தட்டில் அரை அங்குல ஆழத்தில் ஊன்றினோம். ஐந்தாம் நாள் முதல் முளை. இரண்டு வாரத்தில் 17.

அந்த மாதம் தொடர்ந்து மூடிய வானம், பனி. நாற்றழுகல் வந்தது. காலையில் நிமிர்ந்து நின்ற கன்று மாலையில் அடித்தண்டு நூலாகி, சாய்ந்து கிடக்கும். நாலு நாளில் ஐந்து போயின. அம்மா டிரைக்கோடெர்மா பவுடரைத் தூவி, தண்ணீரைப் பாதியாகக் குறைத்து, தட்டைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றிய பிறகு நின்றது. மிச்சம் 12. கவருக்கு மாற்றி, பெயின்டால் 1 முதல் 12 வரை நம்பர் போட்டோம்.

அதற்குள் அம்மா ஒரு பாலிஹவுஸ் ரோஜாக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள். முள் குத்திய கையோடு ராத்திரி எட்டு மணிக்கு வந்து, டார்ச் அடித்து மொட்டை மாடியில் இந்தப் பன்னிரண்டுக்கும் தண்ணீர் ஊற்றுவார்கள். மாவுப்பூச்சி வந்தால் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து தெளிப்பார்கள்.

தேர்ந்தெடுக்கும் நாள்

2024 அக்டோபர் மழையில் மாடி ஒழுகியது. வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "அஞ்சு தொட்டிக்கு மேல இருக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றார். பன்னிரண்டில் ஒன்றுகூட இன்னும் பூக்கவில்லை. எதை வைப்பது? எதை விடுவது? இதுவரை எதற்கும் அழாத அம்மா அன்று படிக்கட்டில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "பூக்காத செடியை எப்படி பாப்பா வேணாம்னு சொல்றது?"

ஆனாலும் மறுநாள் தேர்ந்தெடுத்தது அம்மாதான். நான் ஒரு பேப்பரில் மார்க் போட்டேன். கணு நெருக்கமா, நீளமா? தண்டு தானாக நிற்கிறதா, சாய்கிறதா? இலை தடிப்பா? கவரின் அடியில் வெள்ளை வேர் தெரிகிறதா? பூச்சி வந்த பிறகு எவ்வளவு நாளில் துளிர்த்தது? நம் இன்டர்னல் மார்க் மாதிரிதான், வருஷம் பூராவும் நடந்துகொண்டதற்கு மார்க்! 2, 4, 7, 9, 11 தேறின.

மற்ற ஏழையும் தூக்கி எறிய மனசு வரவில்லை. தரையில் நட இடம் உள்ளவர்களுக்குக் கொடுத்தோம். ஒரே நிபந்தனை: பூத்தால் என்ன கலர் என்று வந்து சொல்ல வேண்டும். கோவில் நந்தவனத்துக்கு இரண்டு, வாட்ச்மேன் தாத்தா ஷெட்டுக்கு ஒன்று, என் வகுப்புத் தோழிகள் வீட்டுக்கு நாலு. இதில் ஒன்றை ஆடு மேய்ந்துவிட்டது. அந்தத் தோழி, "கலர் தெரியலப்பா, ஆட்டைத்தான் கேக்கணும்" என்றாள்.

2025 மே மாதம் 4-ம் நம்பர் முதலில் பூத்தது. மகரந்தம் தடவி ஒன்றரை வருஷம்! மஞ்சள் இதழ், ஓரத்தில் ரோஸ், நடுவில் ரத்தச் சிவப்புக் கண். நான் குதித்தேன். போட்டோ எடுத்து வகுப்பு குரூப்பில் போட்டேன். அம்மா பேசாமல் பத்து நாள் பார்த்தார்கள். பூ கனம் தாங்காமல் காம்பு தலைகுனிந்தது. வெயில் ஏறிய நாளில் மொட்டுகள் விரியாமலே உதிர்ந்தன. "போட்டோவுக்கு நல்லா இருக்கு" என்றார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

ஜூனில் 7-ம் நம்பர். பூ அவ்வளவு பெரிசு இல்லை. சுட்ட செங்கல்லில் மஞ்சள் கலந்த மாதிரி ஒரு நிறம். தாயிலும் இல்லை, தகப்பனிலும் இல்லை. காற்று குளிர்ந்த நாளில் ரோஸ் ஏறும், வெயிலில் மஞ்சள் ஏறும். ஆனால் பூ நிமிர்ந்து வானத்தைப் பார்க்கும். தினமும் இரண்டாவது பூக்கும். குளிர்ந்த நாளில் மறுநாளும் வாடாமல் நிற்கும். எனக்கு 4-ம் நம்பரைத்தான் பிடித்தது. அம்மா சொன்ன ஒரு வாக்கியத்தை அப்படியே எழுதுகிறேன்: "விக்கிறவன் பூவைக் காட்டுவான் பாப்பா. வாங்கினவன் செடியோட வாழணும்."

ஜூலையில் அம்மா 7-ம் நம்பரிலிருந்து சும்மா பார்ப்போமே என்று ஆறு குச்சி வெட்டி மணலில் ஊன்றினார்கள். ஒன்றரை மாதத்தில் ஐந்து வேர் விட்டன. ஒட்டே தேவைப்படவில்லை! சொந்தக் காலில், அதாவது சொந்த வேரில் நிற்கிற செடி. 14 வருஷமாக அடுத்தவர் ரகத்துக்கு வேர் கட்டிக்கொடுத்த அம்மா, அந்த வேரைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு கிளை வர வர குச்சி வைத்தோம். டிசம்பர் வரைக்கும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் 18 கன்று விற்றது. ஒன்று 60 ரூபாய், மொத்தம் 1080. என் ஐந்தாம் செமஸ்டர் தேர்வுக் கட்டணத்தை 7-ம் நம்பர் கட்டியது. இப்போது சந்தையில் சிலர் பெயர் சொல்லியே கேட்கிறார்கள்: "அந்த ஏழாம் நம்பர் இருக்காம்மா?" வேறு பெயர் வைக்கலாம் என்றேன். அம்மா வேண்டாம் என்றுவிட்டார்கள்.

நண்பர்களுக்கு...

இதிலிருந்து நான் புரிந்துகொண்டது இதுதான். புதுசாக ஒன்று வேண்டுமென்றால் விதைதான் வழி. குச்சியிலும் ஒட்டிலும் புதுசு வராது. கிடைத்த நல்லதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் குச்சிதான் வழி; விதை போட்டால் அது கைநழுவிப் போகும். இரண்டும் வேண்டும். நடுவில் தேர்ந்தெடுப்பது என்று ஒரு வேலை இருக்கிறது. அதற்குப் பொறுமையும் வேண்டும், விட்டுவிடும் மனசும் வேண்டும்.

நம்மைப் பார்த்து, "டிப்ளமோவா? ப்ளஸ் டூ போயிருக்கலாமே" என்று கேட்காத சொந்தக்காரர் உண்டா? அவர்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய பதில் எதுவும் இல்லை. சில செடி மே மாதம் பூக்கும், சில செடி ஜூனில் பூக்கும். என் 11-ம் நம்பர் இன்னும் பூக்கவே இல்லை. அம்மா அதற்கும் தினமும் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

4-ம் நம்பரை நான் விடவில்லை. அதன் மகரந்தத்தை 7-ம் நம்பரில் தடவி, போன நவம்பரில் இரண்டு காய் பிடித்தது. 23 விதை இருக்கிறது. எங்கள் மாடியில் இடம் இல்லை. வீட்டில் ஒரு அடி மண் உள்ளவர்கள் எங்கள் துறை வகுப்பறைக்கு வந்து கேளுங்கள், ஆளுக்கு இரண்டு விதையும் ஒரு துண்டு எமரி ஷீட்டும் தருகிறேன். விலை எதுவும் இல்லை. பழைய நிபந்தனைதான்: பூத்தால் கலரை வந்து சொல்ல வேண்டும். ஆடு வளர்க்கிறவர்கள் மட்டும் தயவுசெய்து வேலி போட்டுவிட்டு வரவும்!